நீங்கள் சொன்னால் கேட்பாள்

"நீங்கள் சொன்னால் கேட்பாள், சேர்." பாடசாலை பாண்ட் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று அந்தத் தகப்பன் சொன்னார். மகள் பாண்டை விட்டுவிட்டுப் படிப்பைப் பார்க்கவேண்டுமாம். நான் யோசிக்கவேயில்லை. "சரி, நான் கதைக்கிறன்" என்றேன். மூன்று வருடமாகிறது. அந்த அவசரம் எனக்கு எங்கிருந்து வந்ததென்று இன்னும் விளங்கவில்லை.

அவள்தான் எங்கள் பாண்டின் முதன்மை ட்ரம்பெட். ட்ரம்பெட்டில் விரலால் அழுத்தும் வால்வுகள் மூன்றுதான். ஒரே விரல்வைப்பில் பல சுரங்கள் இருக்கும், எது வெளியே வருவது என்பதை உதடு தீர்மானிக்க வேண்டும். அவளுக்கு அது பழக இரண்டு வருடம் எடுத்தது. சில வாரம் ஊதாமல் விட்டால் உதட்டின் பலம் குறைந்துவிடும். அது நன்றாகத் தெரிந்த நானேதான், "சோதினை முடிய வந்து ஊதலாம்" என்றும் அவளிடம் சொன்னேன்.

தகப்பனில் பிழை சொல்லமாட்டேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு இன்னுமொரு 5 வீதம். அந்தப் பதினாறில் எங்கள் திருகோணமலையும் ஒன்று. உயர்தரச் சோதினையின் இசட் புள்ளியில் தசமத்துக்குப் பின்னால் வரும் இலக்கத்துக்காகப் பிள்ளைகள் விடிய நாலு மணிக்கு எழும்பும் ஊரில், ட்ரம்பெட்டுக்காக வாதாட எனக்கு வாய் வரவில்லை.

மார்கழி மழை. மைதானம் முழுக்கத் தண்ணீர், மண்டபத்துக்குள்தான் பழக்கம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஆயத்தம். அணிநடைக்கு நிமிடத்துக்கு 120 காலடி, பேஸ் ட்ரம் இடது காலில் விழவேண்டும். சின்னப் பிள்ளைகள் தாளத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன்.

"மகள், இந்த வருசத்தோட போதும், என்ன? சோதினை முடிய வந்து ஊதலாம்."

"அப்பா வந்தவரா சேர்?"

"இல்லை. நானாத்தான் சொல்லுறன்."

"சரி சேர்."

அவ்வளவுதான். பிறகு வால்வுகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு வைத்தாள். கடற்காற்றில் அவை இறுகிவிடும் என்று எல்லாருக்கும் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

வீட்டில் சண்டை வரக்கூடாதென்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். இப்போதும் அது நல்ல காரணமாகத்தான் படுகிறது. ஆனால், அப்பா சொன்னதென்று தெரிந்திருந்தால் அவள் என்னிடம் வந்து அழுதிருப்பாள். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாறன் சேர்" என்று கெஞ்சியிருப்பாள். நானே வேண்டாமென்ற பிறகு அவள் யாரிடம் போவது?

இருபத்திரண்டு வருடமாக பாண்ட் பழக்குகிறேன். சைட் ட்ரம் அடித்த ஒருவன் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். என்னைக் கண்டால் காசு வாங்கமாட்டான். அவனை பாண்டிலிருந்து நிறுத்தச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. படிப்பு ஏறாத பிள்ளையின் நேரத்தை ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை, நான் உட்பட.

அவள் கம்பஸ் போய்விட்டாள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கண்டபோது தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் சொன்னபடியால்தான் சேர்" என்றார். சந்தோசமாகத்தான் இருந்தது. ட்ரம்பெட்டோடும் அவள் படித்திருப்பாளா என்று அவரிடம் கேட்க முடியாது. அவள் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறாளாம். பாண்ட் அறைப் பக்கம் வந்ததில்லை.

போன கிழமை தங்கச்சிக்காரி வந்து நின்றாள், தரம் ஏழு. விண்ணப்பத்தில் தகப்பனின் கையெழுத்து. "அக்கா ஊதினதுதான் வேணும் சேர்" என்றாள். "முதல்ல இதைப் பழகு" என்று, ஊதி வாசிக்கும் சின்னக் கீபோர்டான மெலோடிகாவைக் கொடுத்தேன். எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள், அவள் அக்காவும் அப்படித்தான். ஆனால் எப்போது ட்ரம்பெட் தருவேன் என்று அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.