கெர்னலை நானே கம்பைல் செய்து பார்த்தேன்: பழைய லேப்டாப்பில் பேட்டரி எங்கே போகிறது?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நம் கணினிக்கு ஏற்றபடி மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்துகொண்டால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். அதில் எவ்வளவு உண்மை என்று அளந்து பார்க்க ரொம்ப நாளாக ஆசை. என்னிடம் இருப்பது திங்க்பேட் எக்ஸ்230. 2012-இல் வந்த மாடல், இன்டெல் கோர் ஐ5-3320எம் பிராசஸர், அதாவது ஐவி பிரிட்ஜ் தலைமுறை. இந்த மாதிரி சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான இயந்திரம் கிடைப்பது கஷ்டம். பாகங்கள் எல்லாவற்றுக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, கழற்றி மாட்டுவதும் சுலபம், நினைவகத்தை மட்டும் உயிரோடு வைத்து மற்றதை நிறுத்தும் பழைய முறையிலான எஸ்3 தூக்கமும் இதில் உண்டு.

அளக்கும் முறையை முதலில் முடிவு செய்துகொண்டேன். சார்ஜரை எடுத்துவிட வேண்டும். திரை வெளிச்சம் ஒரே அளவு, வைஃபை இணைப்பில், பிரவுசர் மூடியிருக்க வேண்டும். சில நிமிடம் சும்மா விட்டுவிட்டு, கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் அடைவில் பேட்டரிக்குக் கீழே இருக்கும் பவர் நௌ கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்துச் சராசரி எடுத்தேன். அதில் வரும் எண் மைக்ரோவாட்டில் இருக்கும். 7400000 என்று வந்தால் 7.4 வாட். இது மொத்த லேப்டாப்பின் செலவு. பிராசஸர் மட்டும் எவ்வளவு தின்கிறது, எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்று பார்க்க டர்போஸ்டாட். கெர்னல் மூலநிரலின் டூல்ஸ் அடைவிலேயே அது இருக்கிறது. அது வேலை செய்ய, பிராசஸரின் உள் பதிவேடுகளைப் படிக்கத் தரும் எம்எஸ்ஆர் டிரைவர் வேண்டும். 'எனக்கு எதற்கு இது' என்று கான்ஃபிக்கில், அதாவது எதெல்லாம் கெர்னலில் சேரும் என்ற தேர்வுப் பட்டியலில், அதை எடுத்துவிட்டால் அளக்கும் கருவியே கையில் இருக்காது.

ஒப்பிடுவதற்கு டெபியன் 13-இன் கெர்னலை எடுத்துக்கொண்டேன். அது 6.12 வரிசை, நான் கம்பைல் செய்ததும் 6.12. வேறு பதிப்போடு ஒப்பிட்டால் மாற்றம் என் கான்ஃபிக்கால் வந்ததா, புதுக் கெர்னலால் வந்ததா என்றே தெரியாது. டெபியன் கெர்னலில், எதையும் தொடாமல், சும்மா இருக்கும்போது 7.4 வாட் அளவில் நின்றது.

தொடக்கத்துக்கு மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளை. இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆயிரக்கணக்கானவற்றை அது நீக்கிவிடும். ஓட்டும் நேரத்தில் செருகாத சாதனம் அதன் கணக்கில் வராது என்பதால் பென் டிரைவ், யுஎஸ்பி ஹெட்செட், எஸ்டி கார்டு எல்லாவற்றையும் ஒரு தடவை செருகி எடுத்துவிட்டு அப்புறம்தான் ஓட்டினேன். கம்பைல் ஆகும் நேரம் வெகுவாகக் குறைந்தது. இந்த மாதிரி இரண்டு கோர் இயந்திரத்தில் அது பெரிய நிம்மதி.

பிறகு தேர்வுகளை மெனுவாகக் காட்டும் மெனுகான்ஃபிக்கைத் திறந்து பவர் மேனேஜ்மென்ட், ஏசிபிஐ பகுதிக்குப் போனேன். ஏசிபிஐ என்பது இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட மின்மேலாண்மைத் தரம். அதற்கு முன் இருந்த ஏபிஎம்-இல் மின்சார முடிவுகளைப் பெரும்பாலும் கணினியின் தொடக்க நிரலான பயாஸே எடுத்தது. ஏசிபிஐ அந்தப் பொறுப்பை இயங்குதளத்திடம் கொடுத்தது. அதனால்தான் கெர்னல் கான்ஃபிக்கில் பேட்டரி, மூடி, விசிறி, வெப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி வந்து நிற்கிறது. இவற்றில் கைவைக்க எனக்குத் துணிவில்லை, தேவையும் இல்லை. எல்லாமே சின்ன டிரைவர்கள், எடுத்துவிட்டால் மிச்சமாவது சில கிலோபைட்தான். குறிப்பாகத் தெர்மல் ஸோன் வரியைத் தொடவே கூடாது. அளவுக்கு மீறிச் சூடாகும்போது கணினியைப் பத்திரமாக நிறுத்துவது அதன் வேலை.

பிராசஸர் விஷயத்தில் இரண்டு தனி ஏற்பாடுகள். ஓடும்போது எவ்வளவு வேகத்தில் ஓடுவது என்பது ஒன்று, வேலை இல்லாதபோது எவ்வளவு ஆழமாகத் தூங்குவது என்பது இன்னொன்று. பேட்டரி என்றதும் எல்லோரும் முதலாவதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சம் என்று எண்ணி வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நானும் ஷெட்யூட்டில், பவர்சேவ், பெர்ஃபார்மன்ஸ் மூன்றையும் மாற்றி வைத்து அளந்தேன். சும்மா இருக்கும் கணினியில் மூன்றுக்கும் வித்தியாசம் அளவீட்டின் தடுமாற்றத்துக்குள்ளேயே அடங்கிப்போனது. தூங்கும் கோருக்கு வேகம் ஏது? 5.7 கெர்னலிலிருந்து, வேகத்தைத் தானே தீர்மானிக்கும் எச்டபிள்யூபி வசதி இல்லாத இப்படிப்பட்ட பழைய பிராசஸர்களில், வேகத்தை மாற்றும் இன்டெல் பிஸ்டேட் டிரைவர், கவர்னர் சொல்படி நடக்கும் பாசிவ் முறையில் ஷெட்யூட்டிலோடு சேர்ந்து வேலை செய்வதுதான் இயல்பு. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டாவதில்தான் பலன். இன்டெல் ஐடில் டிரைவரைக் கட்டாயம் உள்ளே வைக்க வேண்டும். ஐவி பிரிட்ஜின் தூக்க நிலைகளுக்கான பட்டியல் அந்த டிரைவருக்குள்ளேயே இருக்கிறது: சி1, சி1இ, சி3, சி6, சி7. எண் கூடக்கூடத் தூக்கம் ஆழம். அது இல்லாவிட்டால் பயாஸ் சொல்லும் பட்டியலைத்தான் கெர்னல் நம்ப வேண்டும். கெர்னல் சீரான இடைவெளியில் விழித்தெழும் டிக் விஷயத்தில், சும்மா இருக்கும்போது டிக்கை நிறுத்தும் தேர்வைப் போட்டுவிட்டால் விநாடிக்கு 100 தடவையா (100 எச்இஸட்) 1000 தடவையா என்ற வாதமெல்லாம் பேட்டரியைப் பொறுத்தவரை அர்த்தமில்லாததாகிவிடுகிறது. 2007-இல் 2.6.21 பதிப்போடு வர ஆரம்பித்த இந்த டிக்லெஸ் வசதிதான் லினக்ஸ் லேப்டாப்களுக்குக் கிடைத்த பெரிய வரம் என்பேன்.

இப்போது இந்தச் சோதனையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிராஃபிக்ஸ் டிரைவரான ஐ915-ஐ வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஒரு கெர்னல் கட்டினேன். பயாஸின் புது வடிவமான யுஇஎஃப்ஐ கொடுக்கும் எளிய ஃபிரேம்பஃபரை (திரைக்கான நினைவகப் பகுதி) வைத்துத் திரையில் எழுத்து வந்தது. டெர்மினல் வேலைக்கு அது போதும். டிரைவர் ஒன்று குறைவு, நினைவகம் மிச்சம், வேலையும் குறைவு. அப்படியானால் மின்சாரமும் குறையும் என்றுதானே தோன்றும்? டர்போஸ்டாட்டை ஓட்டினேன். ஒவ்வொரு கோரும் 95 சதவீதத்துக்கு மேல் சி7-இல் தூங்குகிறது. ஆனால் பேக்கேஜ், அதாவது மொத்தச் சில்லின் தூக்க நிலைகளுக்கான வரிசையைப் பார்த்தால் பிசி6 பூஜ்யம், பிசி7 பூஜ்யம். கோர்கள் தூங்கியும் சில்லு தூங்கவில்லை. காரணம், கிராஃபிக்ஸ் பகுதியும் அதே சில்லில்தான் இருக்கிறது. அதை ஆர்சி6 என்ற தூக்கத்துக்கு அனுப்ப வேண்டியது ஐ915. அனுப்ப ஆள் இல்லாததால் அது விழித்தே இருந்தது. அது விழித்திருக்கும்வரை மொத்தச் சில்லும் ஆழ்ந்த நிலைக்கு இறங்காது.

திரை வெளிச்சம் இரண்டு கெர்னலிலும் ஒரே அளவில் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் இந்த ஒப்பீட்டுக்கு மட்டும் பேட்டரி எண்ணை விட்டுவிட்டு, பிராசஸரே தன் செலவைச் சொல்லும் ஆர்ஏபிஎல் அளவைப் பார்த்தேன். ஐ915 இல்லாமல் 5 வாட்டைத் தாண்டி நின்றது. ஐ915-ஐத் திரும்பச் சேர்த்ததும் 3-க்குக் கீழே வந்தது, பிசி7 எண்பது சதவீதத்தைத் தொட்டது. வேறு எதையும் மாற்றவில்லை. திரையே மாட்டாத வீட்டுச் சர்வர்களிலும் 'மானிட்டர் இல்லையே, கிராஃபிக்ஸ் டிரைவர் எதற்கு' என்று இதை எடுத்துவிடுகிறார்கள். அங்கேயும் இதே கதைதான் நடக்கும்.

அதன்பிறகு பிசிஐ சாதனங்களையும் அதே கண்ணோடு பார்த்தேன். டிரைவர் பிணைக்கப்படாத பிசிஐ சாதனத்தை ஓடும் நேரத்தில் கெர்னல் டி0 நிலையிலேயே, அதாவது முழு விழிப்பில், விட்டுவைக்கும். அதன் உள்நிலையைச் சேமித்து மீட்கத் தெரிந்த டிரைவர் இல்லாதபோது தூங்கவைப்பது ஆபத்து என்பதால் இப்படி. நியாயமான முடிவுதான். ஆனால் நமக்கு அது ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன். இந்த லேப்டாப்பில் கேபிள் இணைப்பை நான் தொடுவதே இல்லை, அதனால் இ1000இ ஈதர்நெட் டிரைவரைத் தவிர்த்த ஒரு கெர்னலையும் கட்டிப் பார்த்தேன். சாதனத்தின் பவர் ஸ்டேட் கோப்பில் டி0 என்றே இருந்தது. டிரைவரைச் சேர்த்து, பவர் கண்ட்ரோல் கோப்பில் ஆட்டோ என்று எழுதி, கேபிள் இல்லாமல் விட்டால் சிறிது நேரத்தில் டி3 ஹாட் என்ற தூக்க நிலை. பயன்படுத்தாத வன்பொருளின் டிரைவரை நீக்கினால் மிச்சம் என்ற எண்ணத்தை அன்றோடு விட்டுவிட்டேன். பயன்படுத்தவே போவதில்லை என்றால் பயாஸில் அணைக்க வேண்டும். பயாஸில் உயிரோடு இருந்தால் கெர்னலில் அதற்கு டிரைவர் இருக்க வேண்டும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளுக்கு ஏஎஸ்பிஎம் என்ற தனி மின்சேமிப்பு உண்டு. 2011-இல் 2.6.38 கெர்னல் வந்தபோது பல லேப்டாப்களில் பேட்டரி வேகமாகக் காலியானது இதைச் சுற்றித்தான்: ஏஎஸ்பிஎம் ஆதரவு இல்லை என்று பயாஸ் சொன்னால் கெர்னல் அதை அணைத்துவிடும்படி மாற்றியிருந்தார்கள். மேத்யூ காரெட் எழுதிய திருத்தம் 3.3 பதிப்பில் சேர்ந்து அது சரியானது. இப்போது கான்ஃபிக்கில் பயாஸ் சொல்படி என்ற தேர்வை விட்டுவைத்து, ஓடும்போது கொள்கையை பவர்சேவ் என்று மாற்றிப் பார்ப்பதே நல்லது. பிடிக்காவிட்டால் மறு பூட்டில் பழையபடி ஆகிவிடும். எனக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை.

வைஃபையில் கவனிக்க வேண்டியது வேறு. என்னுடையது சென்ட்ரினோ 6205. ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவருக்குக் கீழே டிவிஎம், எம்விஎம் என்று இரண்டு கிளைகள். இந்த வயதுச் சில்லுக்கு டிவிஎம், 7260 முதல் வந்தவற்றுக்கு எம்விஎம். அப்புறம் இதை மாட்யூலாகவே வைக்க வேண்டும். கெர்னலுக்குள்ளேயே பிணைத்தால், ரூட் கோப்பு முறைமை ஏறுவதற்கு முன்பே டிரைவர் எழுந்து, சாதனத்துக்குள் ஏற்ற வேண்டிய நிரலான ஃபர்ம்வேரைத் தேடும், கிடைக்காமல் பிழை எண் -2 சொல்லிவிட்டுக் கைவிடும். ஃபர்ம்வேரையும் கெர்னலுக்குள் சேர்த்துக் கட்ட வழி இருக்கிறது, ஆனால் மாட்யூல் முறையில் அந்தச் சுற்று தேவையில்லை. ஐவி பிரிட்ஜில் ஐ915-க்கு ஃபர்ம்வேர் வேண்டாம் என்பதால் அதை உள்ளேயே பிணைத்தேன். வட்டு இணைப்புக்கான சாட்டா, கோப்பு முறைமைக்கான எக்ஸ்ட்4 இரண்டும் உள்ளே. இப்போது, ரூட் ஏறும்வரை உதவும் தற்காலிகக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலேயே பூட் ஆகிறது.

திங்க்பேட் ஏசிபிஐ டிரைவர் எக்ஸ்86 தனித் தள டிரைவர்களுக்குள் இருக்கிறது. ஏசிபிஐ பேட்டரி டிரைவர் இல்லாவிட்டால் மெனுவில் அதன் பெயரே தென்படாது. இப்படி எதையாவது காணோம் என்றால் மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தித் தேடினால் எது எதைச் சார்ந்திருக்கிறது என்று முழுதாகக் காட்டிவிடும். இந்த டிரைவரால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை சார்ஜ் வரம்பு. 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வைத்திருக்கிறேன். எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் இருப்பதால் சீக்கிரம் தேயும். வாட் கணக்கில் இது வராது, ஆனால் பேட்டரியின் ஆயுளுக்கு இதைவிட நல்லது எதுவும் கெர்னலில் இல்லை.

தூக்கத்தைச் சோதிக்க நேராக மூடியைச் சாத்தவில்லை. பவர் மேனேஜ்மென்ட் டீபக் தேர்வைப் போட்டுக் கட்டினால் பிஎம் டெஸ்ட் என்ற கோப்பு கிடைக்கும். ஃப்ரீஸர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசஸர்ஸ், கோர் என்று ஒவ்வொரு கட்டமாக எழுதி சஸ்பெண்ட் கொடுத்தால், அந்தக் கட்டம்வரை போய் 5 விநாடி நின்று திரும்பி வரும். எந்தக் கட்டத்தில் சிக்குகிறதோ அதில்தான் கோளாறு. ஐந்தும் தேறிய பிறகு மூடியைச் சாத்தினேன், சுத்தமாக எழுந்தது. மெம் ஸ்லீப் கோப்பில் டீப் (அதாவது எஸ்3) தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலோட்டமான தூக்கமான எஸ்2ஐடில் என்றிருந்தால் இந்த வகை இயந்திரத்தில் தூங்கும்போதும் பேட்டரி கரையும்.

மற்றவை சின்னச் சின்னவை. ஒலி அட்டைக்கு 10 விநாடி அமைதிக்குப் பின் தூங்கும்படி கான்ஃபிக்கிலேயே எண் போட்டேன். எழும்போது ஸ்பீக்கரில் லேசாக 'டப்' என்று கேட்கும், அவ்வளவுதான். சாட்டா இணைப்புக்கு நடுத்தர மின்சேமிப்பும், வட்டே இணைப்பைத் தூங்கவைக்கும் டிஐபிஎம்-உம் சேர்ந்த நிலை. அதற்கு மேல் இறுக்குவதை நான் செய்யமாட்டேன், வட்டில் இருப்பது என் தரவு. யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட் எல்லாவற்றுக்கும் உண்டு, மவுஸுக்கு மட்டும் இல்லை. தூங்கிய மவுஸ் முதல் கிளிக்கை விழுங்கிவிடுகிறது.

எல்லாம் முடிந்து என் கெர்னலில் 6.5 வாட். 7.4-இலிருந்து கிட்டத்தட்ட ஒரு வாட் குறைவு, இந்தப் பேட்டரியில் அது நன்றாகவே தெரிகிறது. ஆனால் அதோடு நிறுத்தினால் முழு உண்மை ஆகாது. ஓடும்போது மாற்றக்கூடிய அதே அமைப்புகளை, அதாவது சாட்டா, ஒலி, ஏஎஸ்பிஎம், பவர் கண்ட்ரோல், டெபியனின் சொந்தக் கெர்னலிலும் போட்டு அளந்தேன்: 6.6. கம்பைல் செய்ததால் வந்த பங்கு அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிட்டது. பேட்டரிக்காக மட்டும் என்றால் கெர்னலைத் தொடாமல் டிஎல்பி போன்ற ஒரு கருவியை நிறுவிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். எந்த டிரைவர் எந்தச் சாதனத்தைத் தூங்கவைக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், எடுத்து எடுத்துச் சேர்த்துப் பார்க்கும் இந்த வழியைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஹைபர்நேட், அதாவது நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைவது. அதற்கான தேர்வு உள்ளே இருக்கிறது, ஸ்வாப் பகுதியும் போதிய அளவில் இருக்கிறது. ஆனால் அதை மறைகுறியாக்கம் செய்து வைத்திருப்பதால் எழும்போது முதலில் கடவுச்சொல் வாங்கித் திறக்க வேண்டும், அதற்கு இனிட்ராம்எஃப்எஸ் திரும்ப வந்தாக வேண்டும். சின்னதாக ஒன்றைக் கட்டி, பூட் எவ்வளவு மெதுவாகிறது என்று அளந்த பிறகு அதை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய எண்ணம்.