ஒரு சொல்லால் போன ஆறு வாரம்

முதுநிலை ஆய்வுப் பதிவும் முன்மொழிவும் இரண்டு மாதத்தில் முடிந்தன. என்னை நடுத்தெருவில் நிறுத்தியது அரைக் கிலோ வெள்ளைத் தூள்.

ஹைப்ரோமெல்லோஸ். தண்ணீர் பட்டதும் பசைபோல் வீங்கி, குளிசைக்குள் இருக்கும் மெட்ஃபோமின் என்ற சீனி வருத்த மருந்தைச் சிறிது சிறிதாக வெளியே விடும். கண்சொட்டு மருந்துகளிலும் சேர்க்கிறார்கள். வெளிநாட்டு உற்பத்தியாளர் இலவச மாதிரியாகவே அனுப்பியிருந்தார். கொழும்பில் இறங்கியதும் சுங்கத்தில் பிடித்து வைத்துவிட்டார்கள்.

குற்றத்தில் பாதி என்னுடையது. கடிதத்தில் ஆய்வுத் தலைப்பை அப்படியே எழுதியிருந்தேன்: கன்ட்ரோல்ட் ரிலீஸ் ட்ரக் டெலிவரி. அங்கிருந்த லிகிதரின் கண்ணில் முதல் சொல்லும் மூன்றாம் சொல்லும் மட்டுமே பட்டன; சேர்த்துப் படித்தால் போதைமருந்து போன்ற, கட்டுப்பாட்டிலுள்ள மருந்து என்றாகிவிடும்.

"கன்ட்ரோல்ட் ட்ரக் என்றால் தனி அனுமதி வேண்டும்."

மருந்தையல்ல, அது வெளியேறும் வேகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறோம் என்றேன். போதாததற்கு, இந்தப் பொதியில் மருந்தே இல்லை என்றேன். "அதை எழுதிக்கொண்டு வாருங்கள்."

வெள்ளவத்தையிலிருந்து மறுபடியும் 100ஆம் இலக்க பஸ். இம்முறை துறைத் தலைவரின் கையொப்பம் இருந்தது, முத்திரை இல்லை. மூன்றாம் முறை, விலைப்பட்டியலில் பெறுமதி பூச்சியம் என்றிருந்தது பிழையானது. இலவசமானாலும் ஒரு தொகையைப் போடும்படி அனுப்புபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நான் அதற்காக ஒன்பது நாள் மின்னஞ்சலுக்குக் காத்திருந்தேன். நான்காம் முறை லிகிதர் விடுமுறை. கோவை அவருடைய அலுமாரியில், சாவி அவருடைய பையில்.

ஐந்தாம் முறை நேரே மேலதிகாரியிடம் போனேன். வேதியியல் எதையும் பேசவில்லை. "சேர், சீனி வருத்தத்துக்கு நாளுக்கு ஒன்று மட்டும் போடும் பெரிய குளிசை இருக்கிறதல்லவா? அது மெதுவாகக் கரைவதற்குப் போடும் தூள் இது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விழுங்க முடியாத அந்தக் குளிசையா, மகள்? அதை ஏன் சிறியதாகச் செய்யக் கூடாது?"

நியாயமான கேள்விதான். மெட்ஃபோமின் தண்ணீரில் மளமளவென்று கரையும்; அதைப் பிடித்து வைக்கத் தூள் நிறைய வேண்டும், குளிசையும் பெருத்துவிடும். சொல்லி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பொதியின் ஒரு மூலை கிழிந்து, ஒட்டுநாடா போட்டிருந்தது. இந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும். கொழும்புக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 105 பாகையில் உலர்த்தி நிறுத்துப் பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இழப்பு 5 சதவீத வரம்புக்குள் நின்றது. அன்றே முதல் தொகுதிக் குளிசைகளை அழுத்தினோம். 37 பாகை நீரில் 12 மணி நேரம், ஒவ்வொரு மணிக்கும் மாதிரி எடுக்க நானே விழித்திருந்தேன். எட்டாம் மணியிலும் மருந்து வந்துகொண்டிருந்தது.

அடுத்து வரப்போவது பி.எல்.ஜி.ஏ. என்ற இன்னொரு பல்பகுதியம் (பொலிமர்). குளிரில் வைக்க வேண்டிய பொருள், ஆறு வாரம் களஞ்சியத்தில் கிடந்தால் வீண். கடிதம் தயார்: 'பரிசோதனைக்கான பல்பகுதியம், மருந்து அல்ல', பெறுமதி, இரண்டு முத்திரைகள். ஆய்வுத் தலைப்பை எங்கும் எழுதவில்லை.