பனிக்காலத்துக்கு வேறு அட்டவணை

வட நோர்வேயில், பின்மார்க் கரையோர ஊர் ஒன்றில் வீட்டுப் பராமரிப்பு வேலை செய்கிறேன். முதியவர்களின் வீடு வீடாகக் காரில் போய் மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, வீங்கிய காலுக்கு இறுக்கமான காலுறை போட்டுவிடுவது, சாப்பிட்டார்களா என்று பார்ப்பது. படித்த காலத்தில் வீதியைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் நவம்பர் பிறந்துவிட்டால் இந்த வேலையில் பாதி வீதியில்தான் நடக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது குளிரைத்தான். "அக்கா, மைனஸ் இருபத்தைந்தில் கார் ஸ்டார்ட் ஆகுமா?" என்பார்கள். ஆகும். எஞ்சினைச் சூடாக்கும் கருவியை இரவு முழுக்க மின்சார பிளக்கில் கொளுவி விட்ட கார் காலையில் சூடாகவே இருக்கும். உள்நாட்டில் இருக்கிற காராஷோக்கில் 1886 ஜனவரி 1ஆம் தேதி மைனஸ் 51.4 பாகை பதிவாகியிருக்கிறது. நோர்வேயில் அதைவிடக் குறைந்த வெப்பநிலை இதுவரை பதிவானதில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் கடுங்குளிரில் நிம்மதியாகக் கார் ஓட்டுவார்கள். நான் கவனமாக இருக்கச் சொல்வது பூச்சியத்தை ஒட்டிய நாட்களில்.

நல்ல குளிரில் பனி இறுகிக் காய்ந்து கிடக்கும். சிறு உலோக ஆணிகள் பதித்த குளிர்கால டயர், அதாவது ஆணி டயர், அதை நன்றாகப் பிடிக்கும். பூச்சியத்துக்குக் கிட்ட வரும்போதுதான் ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது, உராய்வு போய்விடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற கார், காய்ந்த தார் வீதியில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 20 மீட்டரில் நின்றுவிடும். ஈர ஐஸில் அதுவே 140 மீட்டர் வரைக்கும் போகலாம். ஆணி டயர் இதைக் குறைக்கும், ஆனால் இல்லாமல் செய்யாது. எங்கள் கரையோரத்தில் கடல் உறைவதில்லை. அதனால் காற்று திரும்பினால் போதும், காலையில் மைனஸ் எட்டு, மத்தியானம் மழை, பின்னேரம் மறுபடி உறைவு. அன்றைக்கு ஒரே வீதியில் மூன்று விதமாக ஓட்ட வேண்டியிருக்கும். உப்பும் கடுங்குளிரில் வேலை செய்யாது என்பதால், வடக்கில் பல இடங்களில் மணலை வெந்நீரில் கலந்து கொட்டுவார்கள். அது ஐஸோடு சேர்ந்து உறைந்து அரத்தாள் மாதிரி ஆகிவிடும். அடுத்த பனி விழுந்து அதை மூடும்வரைதான் அந்த நிம்மதி.

காரை எடுக்கும் முன் செய்கிற வேலைகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வருகிற பிரச்சினை முழுவதும் இந்த நிமிடங்களைப் பற்றியதுதான். கண்ணாடியில் எட்டிப் பார்க்கிற அளவுக்கு மட்டும் சுரண்டிவிட்டு ஓடக்கூடாது. எல்லாக் கண்ணாடியையும் சுரண்ட வேண்டும். கூரைப் பனியைத் தள்ளாமல் போனால், முதல் பிரேக்கிலேயே அது முழுவதும் சரிந்து முன்கண்ணாடியை மூடிவிடும். முன்பக்க விளக்குகளையும் துடைக்க வேண்டும். பழைய பல்புகளின் சூட்டில் பனி தானாக உருகிவிடும், இப்போதுள்ள எல்.ஈ.டி. விளக்குகளில் அது அப்படியே ஒட்டி நிற்கும். பகல் விளக்கு மட்டும் எரிந்தால் பல கார்களில் பின்விளக்கு எரியாது. பனித்தூள் பறக்கும்போது பின்னால் வருகிறவருக்கு நாம் இருப்பதே தெரியாது, அதனால் சுவிட்சைக் கையால் திருப்ப வேண்டும். அப்புறம் சப்பாத்து. அடியில் பனி ஒட்டியிருந்தால் மிதியில் கால் வழுக்கும், உருகிய ஈரத்தில் கண்ணாடியும் புகைமூடும். வாசலில் இரண்டு கால்களையும் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகும். காற்று அடிக்கிற நாளில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இதில் பாதியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

எங்கள் போனில் வருகிற அட்டவணையில் அந்த நிமிடங்கள் இருக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்பது வரைபடத்திலிருந்து கணக்கிட்டது. வெறும் தார் வீதிக்கு அது சரி. ஜனவரியில், சூரியனே எட்டிப் பார்க்காத காலத்தில், இருட்டில் கலைமான் கூட்டம் வீதிக்கு வருகிற இடத்தில் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? ஒரு கலைமான் கடந்தால் பின்னால் இன்னும் வரும் என்று எண்ணி நிற்க வேண்டும். அட்டவணையின்படி நிற்க நேரம் கிடையாது. இரண்டாவது வீட்டிலேயே பிந்திவிடுவோம். ஐந்தாவது வீட்டில் இன்சுலினுக்காகக் காத்திருக்கிற பாட்டியின் முகம் கண்ணுக்கு முன்னால் வரும். அப்போது கால் தானாக மிதியை அழுத்தும். அது அக்கறையில்லாதவர் செய்கிற வேகம் இல்லை, அக்கறையால் வருகிற வேகம். அதனால்தான் அதைத் தடுப்பது கடினம்.

ஒரு பெப்ரவரியில் எங்களோடு வேலை செய்கிற ஒருவரின் கார் வளைவில் சறுக்கி, வீதியோரப் பனித் திட்டில் ஏறி நின்றது. அவருக்கு அடி இல்லை. நல்ல ஓட்டுநர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அறிக்கையில் "வீதி நிலைக்கு ஏற்ற வேகம் இல்லை" என்று எழுதினார்கள். எங்கள் எல்லோருக்கும் மறுபடி ஒரு சறுக்கல் பயிற்சி கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது.

பயிற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. நோர்வேயில் லைசென்ஸ் எடுக்கிற எல்லோரும் வழுக்குத் தளத்தில் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சிக்கே ஒரு வரலாறு உண்டு. முன்பு சறுக்குகிற காரை எப்படி மீட்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். 1980களில் ஆய்வு செய்து பார்த்தபோது, பயிற்சி எடுத்த இளம் ஆண்களுக்கு விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. கைவசம் வித்தை இருக்கிறது என்ற நம்பிக்கை அவர்களை வேகமாக ஓட்ட வைத்தது. இன்றைய பயிற்சியின் நோக்கம் வேறு. ஐஸில் ஒரு அளவுக்கு மேல் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதை உடம்புக்கு உணர்த்துவதுதான் அது. அதை உணர்ந்தவர் கையில் பழைய அட்டவணையைக் கொடுத்தால் என்ன பயன்?

இதை எடுத்துப் பேசியவர் எங்கள் பாதுகாப்புப் பிரதிநிதி. நோர்வேயின் தொழிற்சூழல் சட்டப்படி வேலையாட்கள் தங்களுக்குள் ஒருவரை இப்படித் தெரிவு செய்கிறார்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்று கண்டால், அந்த வேலையை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. "தொழிற்சாலைக்காரருக்கு யந்திரம் எப்படியோ, எங்களுக்கு வீதி அப்படித்தான்" என்று கூட்டத்தில் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் கார் துடைக்கிற நேரம், உண்மையான ஓட்ட நேரம், வீட்டுப் படியில் பனி அள்ளுகிற நேரம் எல்லாவற்றையும் எழுதி வைத்தோம். அந்தத் தாள்கள் அலுவலக மேசைக்குப் போனபோது யாராலும் மறுக்க முடியவில்லை.

மலை வீதிகளில் இந்தப் புத்தி எப்போதோ வந்துவிட்டது. மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழர்கள் நிறையப் பேர் குடியேறிய ஊர்களில் பாட்ஸ்ஃபியோர்டும் ஒன்று. அங்கே போக ஒரே ஒரு மலை வீதிதான். காற்றில் பனி பறக்கத் தொடங்கினால் தடுப்புக் கட்டை இறங்கிவிடும். எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். பனி தள்ளும் வண்டி முன்னே போக, அதன் பின்னால் கார்கள் அணியாகப் போகும். முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கைத் தவறவிடக்கூடாது, நடுவில் திரும்பக்கூடாது, உடுப்பைக் கூரைப் பெட்டியில் வைக்காமல் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். எனக்கு அதில் பிடித்தது, போவதா நிற்பதா என்ற முடிவை ஓட்டுகிறவர் தலையில் கட்டாததுதான். கட்டை இறங்கினால் நின்றோம், அவ்வளவுதான். பிந்தி வந்ததற்கு எவரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டோம், கொஞ்சம் கிடைத்தது. இப்போது குளிர்கால அட்டவணை தனி. ஒருவருக்கு ஒரு காலையில் முன்பைவிட ஒரு வீடு குறைவு. இன்சுலினும் நேரம் தவறக்கூடாத மருந்துகளும் முதல் வீடுகள், காலுறையும் தலை முழுக வைப்பதும் பிறகு. வீதித் தகவலுக்கான 175 எண்ணிலோ கமராப் படத்திலோ நிலைமை மோசம் என்று தெரிந்தால், வீடுகளுக்குப் போன் செய்து "பிந்தும்" என்று சொல்வது அலுவலகத்தின் பொறுப்பு. ஓடுகிற காரில் இருக்கிறவர் அந்தப் போனை எடுக்கத் தேவையில்லை.

இன்னும் ஒரு விஷயம் தீராமல் இருக்கிறது. வடக்கு மாவட்டங்களில் ஆணி டயருக்கு ஒக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை அனுமதி. அலுவலகம் அதே தேதியில் கோடைகால அட்டவணைக்கு மாறிவிடுகிறது. மே மாதத்தில் இங்கே பனி விழுவது அதிசயம் இல்லை. வீதி நிலைக்குத் தேவைப்பட்டால் அந்தத் தேதிக்குப் பிறகும் ஆணி டயரில் ஓடலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. அட்டவணைக்கும் அதே இடத்தைக் கொடுங்கள் என்று இந்த வருடமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.