‘எடுக்கலாமா’ என்றுதான் கேட்டார்

“டீச்சர், அந்தக் கடல் சொல் புத்தகத்துல ஒரு இருபது பக்கம் எடுத்துக்கலாமா?”

“பாடத்துக்குத்தானே தம்பி? தாராளமா எடுங்க.”

கூட வேலை பார்க்கும் இளம் ஆசிரியரோடு அவ்வளவுதான் பேச்சு. நான் சொன்னதில் சட்டப்படி பிழை இல்லை. எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் பிழை இல்லை என்றே வருகிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, எதெல்லாம் மீறல் ஆகாது என்று அடுக்கிச் சொல்லும் பிரிவு. (இதைக் காப்புரிமை என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். அது கண்டுபிடிப்புக்குத் தரும் பேட்டன்ட், வேறு சட்டம்.) அதில் 52(1)(ஐ) நமக்கானது: கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் நகல் எடுக்கலாம். தேர்வுக் கேள்வியிலும் விடையிலும்கூட எடுத்தாளலாம். பத்து சதவீதம்தான், ஆயிரம் சொல்தான் என்று ஆசிரியர் பயிற்சிகளில் யாராவது சொல்வார்கள். அது 1976-இல் அமெரிக்காவில் வகுப்பறைக்கென்று வகுத்துக்கொண்ட வழிகாட்டிக் கணக்கு. நம் பிரிவில் அப்படி எண் எதுவும் இல்லை.

டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கையும் நினைத்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்று பதிப்பகங்களும் 2012-இல் தொடுத்த வழக்கு அது. புத்தகங்களிலிருந்து பாடப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பாகக் கட்டி மாணவர்களுக்குக் கொடுத்தது பற்றியது. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, எத்தனை பக்கம் என்பதல்ல, பாடத்துக்குத் தேவையா என்பதே அளவுகோல் என்றது. அந்தத் தேவையை விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017-இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன. கற்பித்தலின் போக்கு என்பது மணி அடித்து மணி அடிக்கும் வரை மட்டுமல்ல, அதற்கு முந்தைய தயாரிப்பும் சேர்ந்தது என்பதும் அதில் தெளிவானது. இருபது பக்கத்துக்கு நான் ஏன் தயங்க வேண்டும்?

தம்பி ஜெராக்ஸ் கடைக்குப் போகவில்லை. மொபைலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஓரங்களை வெட்டி, பிடிஎஃப் ஆக்கி, ஆசிரியர்கள் குழுவில் போட்டுவிட்டார். அங்கிருந்து டெலிகிராம் சேனல் ஒன்றுக்குப் போனது. அதன் பிறகு கணக்கில்லை.

52(1)(ஐ)-இல் இருக்கும் சொல் நகலாக்கம் மட்டும். பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வது என்பது சட்டத்தில் தனி உரிமை, தனி வரையறை. வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள் கையில் தாள் கொடுப்பது ஒன்று. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் இடத்தில் வைப்பது வேறொன்று. ஆண்டு விழாவுக்கும் இதே கதைதான். ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் மட்டும் இருக்கும் கூட்டத்தில் பாட்டுப் போடலாம். அதையே யூடியூப்பில் நேரலையாக விட்டால் அந்தச் சலுகை பொருந்தாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். கேட்டது ‘எடுக்கலாமா’, நான் பதில் சொன்னதும் அதற்குத்தான். ‘எங்கே போடப் போறீங்க’ என்று திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்காததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.

புத்தகக்காரர் பாம்பன் பக்கத்தவர். சொந்தக் காசில் 500 பிரதி அடித்தவர். என் நம்பரை வாங்கிப் பேசினார். கோபமே இல்லை.

“எடுத்தது தப்புன்னு சொல்லலைம்மா. எம்பேரு எங்கம்மா?”

57-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. உரிமையை எழுதி விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனை விட்டுப் போகாது. முதல் பக்கத்தையும் அடி ஓரத்தையும் வெட்டியதில் இருபது பக்கத்திலும் அவர் பெயர் இல்லை. திருக்கை மீன் படம் ஒன்று, அவரே பேனாவால் போட்டது. வால் நீண்டு பக்கத்தின் ஓரம் வரை போகும். வால் நுனியில் சின்னதாக அவர் கையெழுத்து. பிடிஎஃப்பில் திருக்கைக்கு வாலே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றின் பெயர்கள். சீலா, ஊளி, விளமீன், காரல் என்று மீன் பெயர்கள். இவை எதுவும் அவருடைய சொல் இல்லை. தங்கச்சிமடத்திலோ மூக்கையூரிலோ எந்தக் கரையில் நின்று கேட்டாலும் கிடைக்கும். சொல்லுக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. அவர் எழுதிய விளக்கமும் வரிசைப்படுத்திய விதமும் படமும்தான் அவருடையவை. பிள்ளைகளையே வீட்டில் அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்டு எழுதி வரச்சொல்லி, படமும் அவர்களையே போடச்சொல்லியிருந்தால் எந்தப் பிரிவும் தேவைப்பட்டிருக்காது. இதை அன்றே தம்பியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால், நல்ல புத்தகம் ஒன்று பிள்ளைகள் கண்ணில் படாமலே போயிருக்கும். டெல்லி வழக்கில் எதிரே நின்றவை உலகப் பெரிய பதிப்பகங்கள். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது நான் முழுக்க ஜெராக்ஸ் கடை பக்கம் இருந்தேன். இப்போதும் அந்தப் பக்கம்தான். மிச்சப் பிரதிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கும் மனுஷனிடம் அந்தத் தீர்ப்பை எப்படி நீட்டுவது என்றுதான் தெரியவில்லை.

தம்பி குழுவில் அழித்துவிட்டார். மன்னிப்பும் கேட்டார். “நீங்க எடுக்கலாம்னு சொன்னீங்களே டீச்சர்” என்று ஒரு தடவை சொன்னார், குற்றமாக இல்லாமல்.

போன வாரம் தொண்டிப் பக்கப் பள்ளி ஒன்றிலிருந்து எனக்கே வந்தது. ‘பயனுள்ள தொகுப்பு, பகிரவும்’ என்ற குறிப்போடு. திறந்து திருக்கைப் பக்கத்துக்குப் போனேன். வால் இல்லை. புத்தகத்தை எடுத்து, வாலோடு அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, கீழே அவர் பெயரைத் தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. அனுப்பினால் நானும் ஒரு பக்கம் குழுவில் போட்டதாகிவிடும்.