நேயர் காதில் என்ன விழுகிறது?

வானொலி நேரலையில் தொலைபேசியில் அழைக்கும் நேயரின் குரல் தெளிவில்லாமல் வந்தால் எல்லோரும் முதலில் குறை சொல்வது லைனை. அடுத்து ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில், தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திருகத் தொடங்குவார்கள். வானொலி ஸ்டூடியோவில் ஒலிப் பொறியாளராக வேலை செய்த அனுபவத்தில் நான் வேறு இடத்தில்தான் முதலில் தேடுவேன். நாம் நேயருக்கு என்ன அனுப்புகிறோம், அது அவர் காதில் எப்படி விழுகிறது? தெளிவில் பாதிக்கு மேல் அங்கேதான் தீர்மானமாகிறது.

பழைய தரைவழித் தொலைபேசியில் இரண்டே கம்பிகள். போகிற குரலும் வருகிற குரலும் அதே கம்பிகளில்தான் ஓடும். அதிலிருந்து நேயரின் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் கருவிதான் ஹைப்ரிட். லைனின் மின் தன்மைக்குச் சமமான ஒரு சுற்றை உள்ளே வைத்து, நம் குரலை அது கழித்துவிடும். ஆனால் ஒவ்வொரு லைனின் நீளமும் தன்மையும் வேறு. கழித்தல் முழுமையாக நடக்காதபோது தொகுப்பாளரின் குரலே திரும்பிக் கசிந்து வரும். நேயரின் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை உயர்த்தியதும் தொகுப்பாளர் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல ஆகிவிடுவது இதனால்தான். 1980களில் வந்த டிஜிட்டல் ஹைப்ரிட்கள் லைனைத் தாமே அளந்து, பேச்சு ஓட ஓடத் தம்மைச் சரிசெய்துகொண்டன. எங்கள் தொழிலில் அது பெரிய விடுதலை.

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மிக்ஸ் மைனஸ், அதாவது நேயருக்குத் திருப்பி அனுப்பும் ஒலி, தப்பாக இருந்தால் பயனில்லை. நிகழ்ச்சியின் மொத்த ஒலியிலிருந்து நேயரின் குரலை மட்டும் நீக்கிவிட்டு மீதியை அவருக்கு அனுப்ப வேண்டும். இரண்டு நேயர்கள் ஒரே நேரத்தில் பேசினால் இருவருக்கும் தனித்தனி மிக்ஸ் மைனஸ் வேண்டும். தரைவழி லைனில் தாமதம் குறைவு என்பதால் சிறு பிழை உறுத்தாது. கைபேசி, இணைய அழைப்புகளில் தாமதம் அதிகம். தன் குரலே சற்றுப் பிந்திக் காதில் விழுந்தால் எவருக்கும் நாக்கு குழறும். சரளமாகப் பேசுகிறவர்கூட இழுத்து இழுத்துப் பேசுவார். கேட்பவர்களோ அவர் பதற்றப்படுகிறார் என்று நினைப்பார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அழைப்பை முதலில் எடுக்கும் உதவியாளரை நான் மிகவும் மதிக்கிறேன். “ரேடியோவை அணைச்சிடுங்க, ஸ்பீக்கர்ல போடாதீங்க, போனைக் காதுல வச்சே பேசுங்க” என்று அவர் பொறுமையாகச் சொல்வது, பின்னால் நான் செய்யும் எந்தத் திருத்தத்தையும்விடப் பலன் தரும். ஸ்பீக்கர் போன் அறையின் எதிரொலியையும் சேர்த்து அனுப்பும். போதாததற்கு, தொகுப்பாளர் இடையில் பேசும்போது நேயரின் சொற்களை விழுங்கியும் விடும்.

அதற்கப்புறம்தான் ஈக்வலைசர். சாதாரணத் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதற்குக் கீழே இருப்பது பெரும்பாலும் மின்சார இரைச்சல், வெட்டிவிடலாம். மேலே எவ்வளவு ஏற்றினாலும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் கூடும், இல்லாத குரல் எங்கிருந்து வரும்? 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் தூக்கினால் மெய்யெழுத்துகள் தெளிவாகும். 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும் அகன்ற அலைவரிசை அழைப்புகள் இப்போது உண்டு, கேட்கவே சுகமாக இருக்கும். ஆனால் வழியில் ஒரு கண்ணி பழையதாக இருந்தாலும் முழு அழைப்பும் பழைய அகலத்துக்கே சுருங்கிவிடும்.

இரைச்சலை மறைக்க, ஒலி தணிந்ததும் வழியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட்டை இறுக்கமாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழில் வினையின் கடைசி அசையில்தான் அந்தச் செயலைச் செய்தது யார் என்பதே இருக்கிறது. வாக்கியத்தை முடிக்கும்போது குரல் தணியும், கேட் அந்த அசையைத்தான் நறுக்கும். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும், அவர் சொல்ல வந்தது முழுதாக வரட்டும்.

மெல்லப் பேசும் நேயருக்கும் பலர் உடனே குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸரைத்தான் தேடுவார்கள். நான் முதலில் அவருக்குப் போகும் ஒலியின் அளவைப் பார்ப்பேன். அது காதை அடைக்கும் அளவுக்கு இருந்தால் போனைத் தள்ளிப் பிடிப்பார், மைக்கும் வாயை விட்டு விலகிவிடும். போகும் ஒலியைச் சற்றே இறக்கினால் போனை மறுபடி காதோடு ஒட்டிக்கொள்வார், குரலும் தானாகப் பக்கத்தில் வந்துவிடும்.