கட்டைப்பை: ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 3, 2024. புதன்

தூக்கம் இல்லை. ராத்திரி முழுக்க டோக்கியோ ஹனேடா விமான நிலைய வீடியோதான். ஏர்பஸ் ஏ350 எரிந்துகொண்டே ஓடுபாதையில் ஓடுகிறது. உள்ளே 379 பேர், அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். அது மோதிய கடலோரக் காவல்படையின் சின்ன விமானத்தில் ஆறு பேர். ஐந்து பேர் போய்விட்டார்கள்.

நெருப்பைவிட நான் அதிகம் பார்த்தது, சறுக்கில் இறங்கி ஓடுகிறவர்களின் கைகளை. பெரும்பாலும் வெறுங்கை.

19-ஆம் தேதி அம்மாவுக்கும் எனக்கும் துபாய் டிக்கெட், அண்ணனைப் பார்க்க. அம்மாவிடம் வீடியோவைக் காட்டவில்லை.

ஜனவரி 4

அண்ணி போன் எடுக்கவில்லை.

ஜனவரி 6, சனி

ஹனேடாவில் எட்டுக் கதவில் மூன்றைத்தான் திறக்க முடிந்ததாம். உள்ளே ஸ்பீக்கரும் வேலை செய்யவில்லை. மெகாபோனை வைத்துக்கொண்டும் தொண்டை கிழியக் கத்தியும் இறக்கியிருக்கிறார்கள். தரைதொட்டு 18 நிமிடத்தில் கடைசி ஆளாகக் கேப்டன் இறங்கினார்.

2016 துபாய் ஞாபகம் வராமல் இருக்குமா? ஆகஸ்ட் 3. திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் போயிங் 777 ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. அண்ணன் லீவு முடிந்து போகும் அதே வழி. புகை நிறைந்த நடைபாதையில் ஒருவர் மேலே பெட்டித்தட்டைத் திறந்து துழாவுகிறார். யாரோ லேப்டாப், லேப்டாப் என்கிறார்கள். 300 பேரும் தப்பினார்கள். விமானம் நின்று சுமார் ஒன்பது நிமிடத்தில் எரிபொருள் தொட்டி வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார்.

அப்போது அந்த வீடியோவைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வளைகுடாவில் பத்து வருஷம் உழைத்தவனுக்கு அந்தப் பைக்குள் என்னென்ன இருந்திருக்கும்? பாஸ்போர்ட், சர்டிபிகேட், யாருக்கோ வாங்கின வளையல். ஆனால் பின்னால் மூச்சுமுட்ட நிற்கிறவனுக்கு அது வெறும் அடைப்பு. எனக்கு இரண்டு பேர் மேலும் ஒரே நேரத்தில் பரிதாபமும் கோபமும் வருகிறது.

ஜனவரி 8

அம்மா கட்டைப்பையில் எடுத்து வைத்தவை: அப்பா போட்டோ (பிரேமோடு), சுகர் மாத்திரை, வேளிமலை முருகன் திருநீறு, அண்ணனுக்கு முந்திரிக்கொத்து, இரண்டு வளையல்.

"அவசரம்னா பைய விட்டுட்டு இறங்கணும்மா."

"எனக்க பைய நான் எதுக்கு விடணும்?"

"தீப்பிடிச்சா?"

"பிளசர் கார்ல ஏறதுக்கு முந்தியே தீயப் பத்தி ஏன் பேசுக மக்களே?"

ஜனவரி 10, புதன்

ஒரு விமானத்தைப் பறக்க அனுமதிப்பதற்கு முன்னால், பாதிக் கதவுகளை அடைத்து, இருட்டில், 90 வினாடிக்குள் எல்லோரையும் இறக்கிக் காட்டவேண்டும் என்பது விதி. ஏ380-க்கு 2006-இல் ஹாம்பர்க்கில் சோதனை நடந்தது. 873 பேர், 78 வினாடி. அமெரிக்க விதிப்படி ஏறுகிறவர்களில் 35 சதவீதமாவது ஐம்பது தாண்டியவர்களாக இருக்கவேண்டும், ஆனால் எல்லோரும் உடம்பு நன்றாக இருப்பவர்கள். கைக்குழந்தைக்குப் பதில் பொம்மை. அம்மா மாதிரி வலது முட்டியில் ஆபரேஷன் ஆனவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ராத்திரி கரண்ட் போனது. சரி, பார்த்துவிடுவோம் என்று "அம்மா, வெளியே போ, சீக்கிரம்!" என்று கத்தினேன். வாசல் வந்துவிட்டாள், நாற்பது வினாடிகூட ஆகவில்லை. அங்கிருந்து திரும்பி உள்ளே போனாள். எதற்கு? கிரில் பூட்டின் சாவியை எடுக்க. வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு எப்படி வருவதாம்.

கோபம் வந்தது. அப்புறம் பார்த்தால் என் கையில் போன் சார்ஜர். எப்போது பிடுங்கினேன் என்றே தெரியவில்லை.

ஜனவரி 11

1985 ஆகஸ்ட், மான்செஸ்டர். புறப்படும்போதே தீப்பிடித்த போயிங் 737-இல் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். அதற்குப் பிறகு இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் ஹெலன் முயர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை செய்தார். பழைய விமானத்தில் ஆட்களை உட்காரவைத்து, முதலில் இறங்கும் பாதிப் பேருக்கு ஆளுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். அவ்வளவுதான், கதவருகே ஒருவர்மேல் ஒருவர் சிக்கிக்கொண்டார்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் இதற்குப் பவுண்டு வேண்டாம், ஜன்னல் வழியாகத் துண்டு போட ஒரு சீட் காலியாக இருந்தால் போதும்.

ஜனவரி 12

அண்ணன் ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 15. பொங்கல்

பால் பொங்கியது. வீடியோ காலில் அண்ணனுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்மா குலவை போடவில்லை.

ஜனவரி 16

அம்மா நைலக்ஸ் புடவைதான் கட்டுவாளாம், கசங்காதாம். சூட்டில் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்றேன். பதில் இல்லை. சாயங்காலம் பார்த்தால் பழைய சுங்குடி கஞ்சி போட்டுக் கொடியில் காய்கிறது.

ஜனவரி 17, புதன்

சுருக்குப்பை தைத்தேன். அப்பாவின் வேட்டித் துணி, இரட்டைத் தையல். பாஸ்போர்ட், மாத்திரை ஒரு அட்டை, வளையல். போட்டோவைப் பிரேமிலிருந்து உருவி அதையும் வைத்தாயிற்று. இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்தில் நாலு நடை நடந்து பார்த்தாள்.

"இது எனக்க கூடவே வரும். பை போனா போவுது. முந்திரிக்கொத்து போவுதேன்னுதான்."

இதற்குப் பத்து நாள் நான் கத்தியிருக்கவேண்டாம். அவளுக்கு விடமுடியாதது எது என்று முதலிலேயே கேட்டிருக்கலாம்.

லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதக்கூடாது என்றும் சொன்னேன். 1996-இல் கொமோரோஸ் கடலில் இறங்கிய எத்தியோப்பிய விமானத்தில் அப்படி ஊதியவர்கள் பலர் மிதந்துபோய்க் கூரையில் முட்டி, தண்ணீருக்குள் முங்கிக் கதவுக்கு வரமுடியாமல் இறந்தார்கள். துபாய்க்குக் கடல் தாண்டியா போகணும் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதோடு பேச்சு நின்றது.

ஜனவரி 18

அண்ணி பிடிஎஃப் அனுப்பியிருக்கிறாள். திறக்கவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

டாக்சியில் களியக்காவிளை வரைக்கும் பெல்ட் பாடம். இதில் பட்டனை அமுக்கணும், அதில் மூடியைத் தூக்கணும். கார் பழக்கத்தில் எத்தனையோ பேர் அவசரத்தில் பக்கிளை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

வீல்சேர் கேட்டிருந்ததால் அவசரக் கதவு வரிசையில் இடம் தரமாட்டார்கள். தெரிந்ததுதான்.

உட்கார்ந்தாயிற்று. முன்கதவுக்கு ஒன்பது வரிசை, பின்னால் நாலு. அம்மாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு சீட் முதுகாகத் தொட்டு எண்ணவைத்தேன். பின்சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். கட்டைப்பை மேலே தட்டில்.

பணிப்பெண் நடுவில் நின்று செய்துகாட்டுகிறாள். யாரும் நிமிரவில்லை. அம்மா மட்டும் வாயசைத்துக்கொண்டே பார்க்கிறாள், இடுப்பில் ஒரு கை. மூடியைத் தூக்குகிறாள், மாட்டுகிறாள், மறுபடி தூக்குகிறாள்.

"அண்ணன் ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கு?"

போனை ஏரோபிளேன் மோடில் போடச் சொல்கிறார்கள். இன்னும் ஒரு நிமிடம் இருக்கும். திற