டிடிபி சென்டருக்குப் போகும் முன்பு: ஆய்வேடு வடிவமைப்பு

ஆய்வேடு சமர்ப்பிக்கும் நேரத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் டிடிபி சென்டர்களில் நடக்கும் வாக்குவாதம் பெரும்பாலும் இரண்டே விஷயத்துக்குத்தான்: எழுத்துரு, பக்க எண். முதல் அத்தியாயத்தைத் தட்டும் முன்பே இரண்டையும் முடித்துவிடலாம்.

மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றாலும் துறைக்குத் துறை சின்ன மாற்றம் இருக்கும். நெறியாளரிடம் விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் சொல்லாத இடத்துக்கு வழக்கமான அளவு: ஏ4 தாள், இடப்புறம் 1.5 அங்குலம், மற்ற மூன்று பக்கமும் 1 அங்குலம், வரி இடைவெளி 1.5. இடப்புறக் கூடுதல் அரை அங்குலம் பைண்டிங்குக்கு. தாளின் அகலம் 8.27 அங்குலம், எழுத்துக்கு மிஞ்சுவது 5.77 மட்டுமே. அட்டவணை அதற்குள் அடங்காவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் படுக்கைவாக்கில் திருப்புங்கள். அப்போது தைக்கும் விளிம்பு மேலே வரும், 1.5 அங்குலம் அங்கே வேண்டும்.

தமிழில் எழுதுபவர்கள் யூனிகோடிலேயே (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) தொடங்குங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துவிட்டுக் கடைசியில் யூனிகோடுக்கு மாற்றினால், மாற்றும் மென்பொருள் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் பாமினியாகவே நினைத்துக் குதறிவிடும். வேர்டில் எழுத்துரு சாளரத்தைத் திறந்தால் ஆங்கிலத்துக்கு ஒரு கட்டம், ‘காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று இன்னொரு கட்டம். தமிழ் இரண்டாவதற்குத்தான் கட்டுப்படும். மேல் கட்டத்தில் மட்டும் 12 போட்டுவிட்டு ‘அளவு மாறவில்லையே’ என்று முழிப்பவர்கள் ஏராளம்.

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது. ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ ஸ்டைல் கொடுங்கள். பிறகு ‘ரெஃபரன்சஸ்’ பகுதியில் ‘டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்’ கொடுத்தால் பொருளடக்கம் தானாக உருவாகும். திருத்தம் செய்தபின் அதன்மேல் சொடுக்கி எஃப்9 தட்டினால் பக்க எண்களும் சரியாகும். புது அத்தியாயத்துக்கு என்டரை இருபது முறை தட்டாமல், கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒருமுறை.

பக்க எண்ணில் சறுக்குவது இங்கேதான்: சான்றிதழ், நன்றியுரை, பொருளடக்கம் ஆகியவற்றுக்குச் சின்ன ரோமன் எண், முன்னுரையிலிருந்து 1. நடுவில் ‘செக்‌ஷன் பிரேக் – நெக்ஸ்ட் பேஜ்’ போட்டு, இரண்டாம் பகுதியின் ஃபுட்டருக்குள் (பக்கத்தின் அடிப்பட்டை) போய் ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ஐ அணைத்துவிட்டு எண் வடிவத்தை மாற்றுங்கள். அணைக்க மறந்தால் ஒரு பகுதியின் ஃபுட்டரில் எழுதியதோ அழித்ததோ மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

கடைக்கு வேர்டு கோப்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அங்கே உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் பக்கங்கள் நகர்ந்துவிடும். பிடிஎஃப் ஆக்கி, அச்சிடும் சாளரத்தில் ‘ஃபிட்’ இல்லாமல் ‘ஆக்சுவல் சைஸ்’ வைத்து ஒரே ஒரு பக்கம் எடுத்து, இடப்புற ஓரத்தை ஸ்கேல் வைத்து அளந்தபின் மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.